‘விடு’ என்று எழுதினேன், ‘வீடு’ என்று பாடினேன்

போன மாதம் ‘விடு’ என்கிற என் புதுப் பாட்டு வெளியானது. நானே எழுதி, மெட்டுப் போட்டு, கிடார் வாசித்து, வீட்டு அலமாரிக்குள் தலையை விட்டுப் பாடிப் பதிவு செய்த பாட்டு. நீளம் 3 நிமிடம் 8 வினாடி. அதைப் பற்றியும் என் இசைப் பின்னணி பற்றியும் வாசகர்கள் கேட்கலாம் என்று ஆசிரியர் அறிவித்தாலும் அறிவித்தார், ஒரு பை நிறையக் கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. ‘கல்யாணம் எப்போது’ ரகத்தை ஓரமாக வைத்துவிட்டு மிச்சத்துக்குப் பதில் எழுதுகிறேன். பகலில் எனக்குக் கணக்கெழுதும் வேலை. பதில்களில் எண்கள் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டின் பெயர் ‘விடு’. முதல் இரண்டு பல்லவியிலும் ‘விடு’ என்றுதான் வருகிறது. கடைசிப் பல்லவியில் மட்டும் ‘வீடு’ என்று கேட்கிறது. யோசித்துச் செய்ததா, வாய் தவறியதா? (ஒரு கல்லூரி மாணவி)

வாய் தவறியதுதான். ஆனால் தவறு வாயில் ஆரம்பிக்கவில்லை.

வாடகை வீட்டைக் காலி செய்கிற ஒருத்தியைப் பற்றிய பாட்டு அது. சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. சாவியை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. பல்லவி இப்படிப் போகும்:

சுவரில் ஆணி மட்டும் மிச்சம்,
படம் இருந்த இடம் மட்டும் புது நிறம்,
விடு, சாவியை வைத்துவிடு, விடு.

எனக்கு எப்போதும் மெட்டு முதலில் வரும், வார்த்தை பிறகு. வார்த்தை இல்லாத நாட்களில் ‘தன்னன தானன’ என்று தத்தகாரம் போட்டுப் பாடி ஃபோனில் பதிவு செய்து வைப்பேன். இந்த மெட்டில், பல்லவி முடிகிற இடத்தில் நான் பாடி வைத்திருந்தது ‘தான’. முதல் எழுத்து நெடில். இரண்டு வாரம் கழித்து அந்த இடத்தில் ‘விடு’ என்ற சொல்லை உட்கார வைத்தேன். அது ‘தன’. இரண்டும் குறில். குறிலுக்குரிய சொல்லை நெடிலுக்குரிய நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? கால் நீட்டிக்கொண்டு உட்காரும்.

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 72 தட்டு. அந்தச் சொல் மூன்று தட்டு நிற்கிறது, அதாவது 2.5 வினாடி. இலக்கணம் குறிலுக்குக் கொடுக்கும் நேரம் ஒரு மாத்திரை, கண் இமைக்கிற நேரம். 2.5 வினாடியில் எத்தனை முறை இமைக்கலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ‘விடு’ என்றுதான் பாடுகிறேன் என்று சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தேன். பதிவைக் கேட்ட தோழி, ‘எல்லாம் சரி, அப்புறம் ஏன் வீடு வீடு என்று முடிக்கிறாய்? அவள்தான் வீட்டைக் காலி செய்கிறாளே’ என்றாள். கால் மணி நேரம் சண்டை போட்டேன். திரும்ப ஓட்டிக் கேட்டபோது, வீடுதான்.

முதல் இரண்டு பல்லவியையும் திருத்தினேன். ‘விடு’ என்று வெட்டிப் பாடிவிட்டு மிச்ச நேரத்தை கிடாருக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாவதைத் திருத்த உட்கார்ந்தபோது கை போகவில்லை. இரண்டு தடவை விடு, விடு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டவள் மூன்றாவது தடவை வாசலில் நின்று ‘வீடு’ என்று சொன்னால் அது தவறா? அப்படியே விட்டேன்.

விடு என்ற வினையின் முதல் எழுத்து நீண்டு வீடு என்று பெயராவது இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருப்பது. நீங்கள் ஏதோ விபத்து போல நேர்காணல்களில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே! (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

ஐயா, உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே மூன்று தடவை படித்தேன். பள்ளியில் நானும் படித்தேன்: கெடு, கேடு; சுடு, சூடு; பெறு, பேறு; விடு, வீடு. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பாட்டு எழுதுகிறபோது அது எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை. விடுவதுதான் வீடு என்று மொழியே எப்போதோ முடிவு செய்து வைத்திருப்பதை நான் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கண்டுபிடித்ததாகப் பெருமையடித்திருக்கிறேன். அறம், பொருள், இன்பம் முடிந்து நாலாவதாக வருகிற வீடும் இதே வீடுதான் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்த அளவுக்கு என் பாட்டு தாங்காது. அது வாடகை வீடு.

கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்கள் பென்சிலால் எழுதியிருந்த குறிப்பு அதைவிடப் பெரிய பொக்கிஷம். ‘விடு’வில் இருக்கிற ‘டு’ முற்றியலுகரம், முழு ஒரு மாத்திரை. ‘வீடு’வில் இருக்கிற ‘டு’ குற்றியலுகரம், அரை மாத்திரை. முன்னால் இருப்பது நீளும்போது பின்னால் இருப்பது குறுகுகிறது. இதைப் படித்ததும் பாட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். முதல் பல்லவியில் ‘டு’ பளிச்சென்று விழுகிறது. கடைசிப் பல்லவியில் பாதி விழுங்கப்பட்டிருக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை, வாய் தானாகச் செய்திருக்கிறது. இரண்டு மாத்திரையும் அரை மாத்திரையும் சேர்ந்தால் இரண்டரை. பாட்டில் அந்தச் சொல் நிற்பதும் இரண்டரை வினாடி. வெறும் தற்செயல்தான், ஆனால் கணக்கெழுதுகிறவளுக்கு இப்படி இரண்டு பக்கமும் டேலி ஆனால் ஒரு சந்தோஷம்.

நானும் பாட்டு எழுதுகிறேன். மெட்டுக்கு எழுதும்போது குறிலை நீட்டவே கூடாதா? (பெயர் வேண்டாம் என்றவர்)

நீட்டலாம். நீட்டினால் எது காதில் விழும் என்று தெரிந்துகொண்டு நீட்டுங்கள். மலை மாலையாகும், படம் பாடமாகும், குடை கூடையாகும், எரி ஏரியாகும். ‘மலை மேலே’ என்று உருகி எழுதி, மெட்டு அந்த ‘ம’வை இழுத்தால் கேட்கிறவர் ‘மாலை மேலே’ என்று கேட்டு எந்த மாலை என்று யோசிப்பார். அதற்குள் நீங்கள் அடுத்த வரிக்குப் போயிருப்பீர்கள்.

இழுக்க வேண்டிய இடத்தில் குறில் வந்தே தீர வேண்டுமென்றால், அதற்குப் பின்னால் மெல்லினமோ இடையினமோ ஒரு மெய் இருக்கிற சொல்லாகப் பாருங்கள். ‘மனம்’ என்றால் கடைசி ‘ம்’மில் வாயை மூடிக்கொண்டு நிற்கலாம். ‘நில்’, ‘சொல்’ இரண்டிலும் ‘ல்’லில் நிற்கலாம். ட், க், ப் மூன்றிலும் யாராலும் நிற்க முடியாது. காற்று அடைபடுகிற இடம் அது. என் ‘விடு’ மாட்டிக்கொண்டதும் அங்கேதான். ‘வி’க்கும் ‘டு’வுக்கும் நடுவில் நிற்க ஒரு திண்ணைகூட இல்லை.

இன்னொன்று. முன்னோர்களும் நீட்டியிருக்கிறார்கள். ‘உடுப்பதும் உண்பதும்’ என்றாலே பொருள் வந்துவிடும். ஆனால் குறளில் ‘உடுப்பதூஉம் உண்பதூஉம்’ என்று குறில் நெடிலாகி அதற்கு மேலும் அளபெடுக்கிறது. அதற்கு இலக்கணம் வைத்த பெயர் இன்னிசை அளபெடை. இசைக்காக நீட்டினேன் என்று நாமும் சொல்லலாம், குறளைக் காட்டி. எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

அந்தக் கடைசி ‘வீ’ நல்ல உயரத்தில் நிற்கிறது. எப்படிப் பயிற்சி செய்தீர்கள்? (பாட்டு கற்கும் ஒரு பெண்)

பயிற்சி செய்து தோற்று, பிறகு உயரத்தைக் குறைத்தேன். அதுதான் உண்மை.

முதலில் பாட்டு டி மேஜரில் இருந்தது. ‘வீ’ விழுந்த இடம் பஞ்சமம், 440 ஹெர்ட்ஸ். அங்கே போய் நின்றால் என் ‘வீ’ எனக்கே ‘வே’ என்று கேட்டது. எட்டு டேக், எட்டிலும் ‘வேடு’. தொண்டையில் கோளாறு என்று நினைத்து வெந்நீர் குடித்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு உயிர் எழுத்துக்கும் வாய்க்குள் ஒரு அதிர்வு இடம் இருக்கிறது. ‘ஈ’ சொல்ல நாக்கை மேலே தூக்கி வாயை ஒடுக்குகிறோம், அதன் முதல் அதிர்வு இடம் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸைச் சுற்றித்தான். பாடுகிற ஸ்வரம் அதைத் தாண்டிப் போய்விட்டால் குரல் மெலியும். பாடுகிறவர் தன்னை அறியாமல் தாடையைத் திறந்து அதைச் சரிக்கட்டுவார். தாடை திறந்தால் ‘ஈ’ ‘ஏ’ பக்கம் சாயும். ஓப்ரா பாடகிகள் உச்சத்தில் பாடும்போது வார்த்தை புரியாததற்கும் இதுதான் பெரிய காரணம். அவர்கள் வேண்டுமென்றே திறக்கிறார்கள்.

நான் செய்தது சுலபம். கிடாரின் இரண்டாவது கட்டில் (ஃப்ரெட்) மாட்டியிருந்த கேப்போவை, அதாவது கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வியை, கழற்றினேன். பாட்டு அப்படியே சி மேஜருக்கு இறங்கியது, ‘வீ’ 392 ஹெர்ட்ஸுக்கு வந்தது. தாடை கொஞ்சம் அடங்கியது, ‘வேடு’ வீடானது. உங்கள் ஸ்வரம் எது என்று கண்டுபிடித்து அங்கே பாடுங்கள். அசல் சுருதியில்தான் பாட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

பல்லவியில் இரண்டாவதாக வரும் கார்டு எஃப் மாதிரி இருக்கிறது, ஆனால் எஃப் இல்லை. என்ன அது? (கிடார் பழகுபவர்)

எஃப் மேஜர் 7. ஆறு கம்பியையும் ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடிக்கிற பாரே எஃப் எனக்கு இன்னும் சுத்தமாக வரவில்லை. அதனால் நாலாவது கம்பியில் மூன்றாம் கட்டு, மூன்றாவதில் இரண்டாம் கட்டு, இரண்டாவதில் முதல் கட்டு, முதல் கம்பி சும்மா. சும்மா விட்ட அந்த ஈ கம்பிதான் அதை மேஜர் 7 ஆக்குகிறது. பாட்டு முழுக்க அந்த ஒரு கம்பி விடாமல் ஒலிக்கும், சி-யை ‘ஸ’வாக வைத்தால் அது அந்தர காந்தாரம், பெரிய ‘க’. சிலர் அதை ‘ஏக்கமான ஒலி’ என்று எழுதியிருந்தார்கள். விரலில் பலம் இல்லாத ஒலி.

முறையாகச் சங்கீதம் கற்றவரா? (பலர்)

நாலு வருஷம். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் வரை. வர்ணத்துக்கு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். குரல் நூல் மாதிரி இருக்கிறது, சபையில் பத்தாவது வரிசை நாற்காலிக்குப் போகாது என்று சொல்லித் தந்தவர் வீட்டில் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான், இன்றைக்கும் போகாது. பதினொரு வயதில் அது புரியவில்லை, ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

பிறகு என்னை எடுத்து வளர்த்தது மைக். 1925 வாக்கில் மின் ஒலிப்பதிவு வருவதற்கு முன்பு இசைத்தட்டில் பாட வேண்டுமென்றால் ஒரு கொம்புக்குள் கத்த வேண்டும். சின்னக் குரலுக்கு அங்கே வேலையில்லை. மைக் வந்த பிறகுதான் காதோரமாகப் பாடுகிறவர்கள் பிழைத்தார்கள். நான் பாடுவது ஷூர் எஸ்எம்58இல், 1966இல் வந்த மாடல், இன்னும் மேடைக்கு மேடை இருக்கிறது. அந்த வகை மைக்குக்கு ஒரு குணம்: வாயைக் கிட்டே கொண்டு போகப் போக அடிப்பகுதி ஒலி தடிக்கும். ஒரு கை தள்ளி நின்றால் நான் நூல், இரண்டு விரல் நெருங்கினால் கயிறு. ‘சுவரில் ஆணி மட்டும் மிச்சம்’ என்ற வரியில் மைக்கின் வலை உதட்டில் படும் அளவுக்குப் போயிருக்கிறேன். அங்கே குரலில் தெரிகிற கனம் என்னுடையது இல்லை, மைக்கினுடையது.

இன்னொரு குரு தாத்தாவின் ஆர்மோனியம். துருத்தியில் ஓட்டை, சில கட்டைகள் பேசாது. நான் சுருதி வைத்துக்கொண்ட இடத்தில் ‘ம’ ஊமை. ‘ம’ இல்லாமலே மெட்டுப் போடப் பழகினேன். இன்றைக்கு என் லேப்டாப்பில் எல்லாக் கட்டையும் பேசுகிறது, கை மட்டும் இன்னும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறது.

அப்படியானால் பல்லவி மோகனம் தானே? (ரசிகர், 71 வயது)

இல்லை, மோகனத்தின் தூரத்து உறவு. மேஜர் ஸ்கேல் என்பது நம் 29வது மேளகர்த்தா ராகமான சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். அதில் ‘ம’வையும் ‘நி’யையும் எடுத்துவிட்டால் மோகனத்தின் ஐந்து ஸ்வரம் கிடைக்கும். என் பல்லவியில் ‘ம’ இல்லை, ஆனால் ‘வைத்துவிடு’வில் ஒரு ‘நி’ எட்டிப் பார்க்கிறது. ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. மோகனம் என்று போட்டால் விவரம் தெரிந்தவர்கள் அடிக்க வருவார்கள்.

இண்டி பாப், இண்டி பாப் என்கிறீர்களே, இண்டி என்பது ஒரு வகை இசையா? (இல்லத்தரசி ஒருவர்)

ஆரம்பத்தில் அது இசை வகையே இல்லை, விநியோகம் பற்றிய சமாச்சாரம். 1980 ஜனவரியில் இங்கிலாந்தில் முதல் இண்டி தரவரிசை வந்தது. அதில் இடம் பிடிக்க ஒரே தகுதி, பெரிய நிறுவனங்களின் விநியோகத்தில் இல்லாமல் தனியாக விற்கப்பட்ட இசைத்தட்டாக இருக்க வேண்டும். உள்ளே என்ன இசை என்று யாரும் கேட்கவில்லை. 1986இல் என்எம்இ என்ற இசைப் பத்திரிகை 22 குழுக்களின் பாட்டைத் தொகுத்து ஒரு கேசட் கொண்டுவந்தது. சலசலவென்ற கிடார், கூச்சமான குரல் என்று அதில் பல பாட்டுகள் இருக்க, இண்டி என்றாலே அந்த ஒலிதான் என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. எனக்கு இரண்டு பொருளும் பொருந்தும். நிறுவனம் இல்லை, கூச்சம் நிறைய.

ஸ்டூடியோ இல்லாமல் வீட்டில் பதிவு செய்த பாட்டு ஸ்டூடியோ தரத்துக்கு வருமா? (ஒலிப் பொறியியல் மாணவர்)

அறை நல்லபடி அமைந்தால் வரும். இதில் நான் முன்னோடியெல்லாம் கிடையாது. 1979இல் சாதாரண கேசட்டில் நாலு தடம் தனித்தனியாகப் பதிகிற போர்ட்டாஸ்டூடியோ வந்தது. அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அதை வைத்துக்கொண்டு வீட்டில் மாதிரிக்காகப் பாடி வைத்தார். பிறகு குழுவோடு ஸ்டூடியோவில் பாடிப் பார்த்தும் அந்த உயிர் வரவில்லை, கேசட்டில் இருந்ததையே 1982இல் ஆல்பமாக வெளியிட்டார். அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் 2019 ஆல்பம் பெரும்பாலும் அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பதிவானது, அடுத்த வருஷம் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது வாங்கியது.

என் விஷயத்தில் அலமாரி. தொங்குகிற துணிகள் மேல்ஸ்தாயி எதிரொலியைத் தின்றுவிடும். தாழ்ந்த ஒலியை அவை ஒன்றும் செய்யாது, அதனால் கிடாரை அங்கே பதிவு செய்தால் டப்பா போல ஒலிக்கும். கிடாரை அறை நடுவில் வைத்துப் பதிவு செய்தேன், குரலை மட்டும் துணிகளுக்குள். கம்பளிகள் நல்லது, பட்டு உதவாது.

ஹெட்ஃபோனில் என் குரல் கொஞ்சம் பிந்தி வந்தது முதலில் படுத்தியது. கணினி 10 மில்லி வினாடி தாமதித்தால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, 10 மில்லி வினாடி என்றால் மூன்றரை மீட்டர் தூரம். என் வாயிலிருந்து வருவது அறையின் மறு மூலையிலிருந்து கேட்பது மாதிரி. ஒரு காதுப் பக்கம் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் பாடினேன், சரியாகிவிட்டது.

பல்லவியில் கூடப் பாடும் பெண் யார்? (நாலு பேர் கேட்டிருக்கிறார்கள்)

நான்தான். ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றின் மேல் ஒன்று வைப்பது. இரண்டும் நூலளவு விலகி இருப்பதால் குரல் அகலமாகிறது. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னனுக்கு இப்படித் திரும்பத் திரும்பப் பாடுவது பிடிக்காமல் போக, ஆபி ரோடு ஸ்டூடியோவின் பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966இல் டேப்பைக் கொண்டே இரண்டாவது குரலை உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இப்போது அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. நான் இரண்டு முறை பாடுகிற கட்சி.

அதில் ஒரு சின்னக் கைவேலை. இரண்டு குரலிலும் ‘டு’ ஒரே நொடியில் விழாவிட்டால் யாரோ கதவைத் தட்டுவது போல ‘ட்-ட்’ என்று கேட்கும். அதனால் இரண்டாவது முறை ‘டு’வைப் பாடவே மாட்டேன். ‘வி’ என்று ஆரம்பித்து காற்றில் விட்டுவிடுவேன். அந்த இரண்டாவது தடத்தைத் தனியாகக் கேட்டால் பல் விழுந்த குழந்தை பாடுவது போலிருக்கும். யாருக்கும் அதைத் தருவதாக இல்லை.

முன்னிசையே இல்லாமல் சட்டென்று பாட ஆரம்பிக்கிறீர்கள். இந்தக் காலத்துப் பொறுமையின்மையா? (ஒரு வாசகர்)

13 வினாடி கிடார் இருக்கிறதே! நாலு பார் (ஒரு பாருக்கு நாலு தட்டு). உண்மையைச் சொன்னால் முதலில் எட்டு பார் வைத்திருந்தேன். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு கேட்பு என்று கணக்கு. 27 வினாடி வெறும் கிடாரைக் கேட்டு யாராவது அடுத்த பாட்டுக்குப் போய்விட்டால், நான் பாடியே இருக்க மாட்டேன், கணக்கிலும் இருக்க மாட்டேன். பாதியை வெட்டினேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதில் வருமானம் உண்டா? (வங்கி ஊழியர்)

வேலையை விடவில்லை என்பதில் பதில் இருக்கிறது. ஒன்றை மட்டும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது: வரியும் மெட்டும் ஒன்று, அதைப் பாடிப் பதிந்த ஒலி இன்னொன்று. இரண்டுக்கும் பணம் தனித்தனி வழியில் வரும், தனித்தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். என் முதல் பாட்டுக்கு ஒலியை மட்டும் பதிந்துவிட்டு எழுதினவளை மறந்துவிட்டேன். எழுதினவளும் நான்தான், அதனால் சண்டைக்கு யாரும் வரவில்லை. கணக்கெழுதுகிறவள் செய்கிற காரியமா இது?

சில தளங்களில் முதல் வாரம் பாட்டின் பெயர் ‘வீடு’ என்றே இருந்ததே? (கூர்ந்து பார்க்கும் வாசகர்)

பார்த்துவிட்டீர்களா! பாட்டைத் தளங்களுக்கு அனுப்புகிற இடத்தில் பெயரை ஆங்கில எழுத்தில் நிரப்பச் சொன்னார்கள். நான் ஒரு ‘ஐ’ போட்டேன். அங்கே யாரோ நல்ல மனசுக்காரர் பாட்டைக் கடைசி வரை கேட்டிருக்க வேண்டும், பிழை என்று நினைத்து இரண்டு ‘ஈ’யாகத் திருத்திவிட்டார். தமிழ்ப் பெயரும் அதன்படி மாறிவிட்டது. மூன்று மின்னஞ்சல், ஒன்பது நாள். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்தும் எண்ணுமாக ஐஎஸ்ஆர்சி என்று ஒரு அடையாளக் குறியீடு உண்டு, பெயர் மாறினாலும் அது மாறாது. அதனால் கேட்பு எண்ணிக்கை தப்பியது. தமிழாசிரியர் ஐயாவின் கடிதம் அப்போதே வந்திருந்தால் பெயரை அப்படியே விட்டிருப்பேனோ என்னவோ.

2 நிமிடம் 41வது வினாடியில், கடைசி ‘வீடு’க்குச் சற்று முன்னால், நீங்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. அழுதுகொண்டே பாடினீர்களா அக்கா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

ஜலதோஷம்மா. அலமாரிக்குள் கம்பளித் தூசி. அழிக்கப் பார்த்தேன், அது ‘வீ’க்கு முன்னால் எடுத்த மூச்சின் மேலேயே விழுந்திருந்ததால் இரண்டும் சேர்ந்து போனது, அதனால் விட்டுவிட்டேன். அழுத டேக் வேறு. அதில் சுருதி சேரவில்லை.